வாடகைக்கு எடுக்காதவர்

ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்பத்தோடு கிளம்பும் நம்மூர் அப்பாக்களில் இவர் தனி ரகம். நியூஜெர்சியிலோ டல்லாஸிலோ வேலை. ஊரிலிருந்து மாமியார் வந்திருப்பார். ஸ்ட்ரோலரைக் கொண்டுபோவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா என்று மனைவி கேட்டு முடிப்பதற்குள் கணக்கு வந்துவிடும். “ஒரு நாளைக்கு 15 டாலர். நாலு நாளைக்கு 60. அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாமே!” வாங்கியும் விடுவார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு நிற்கின்றன என்பது அந்தக் கணக்கில் வராது.

விமானத்தில் ஸ்ட்ரோலருக்குத் தனிக் கட்டணம் கிடையாது என்பதில் அவருக்கு ஏதோ ஏர்லைன்ஸையே ஏமாற்றிவிட்ட பூரிப்பு. 2019 மே முதல் 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்தைத் தாண்டிய வண்டியைப் பூங்காவுக்குள் விடுவதில்லை. இழுத்துப் போகும் வேகனுக்கு அறவே தடை. இவர் வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் வருவார்.

உள்ளே போனதும் பிள்ளை வண்டியில் உட்கார மாட்டான். அந்த இடத்தில் புளியோதரை டப்பா, தண்ணீர் பாட்டில்கள், மழைக்கோட்டு, மாற்றுத் துணி, மாமியாரின் ஸ்வெட்டர் எல்லாம் வசதியாக அமர்ந்திருக்கும். பையன் பாட்டியின் இடுப்பில்.

“ஏன் மாப்பிள்ளை, அந்தப் பையை நீங்க தோள்ல மாட்டிக்கிட்டா வண்டியே வேண்டாமே?”

மாப்பிள்ளைக்குக் காது கேட்காது. எந்த ரைடில் எத்தனை நிமிடம் காத்திருக்கணும் என்று போனில் பார்த்துக்கொண்டிருப்பார்.

டம்போ ரைடில் சுற்றிவிட்டு வந்தால் வண்டி விட்ட இடத்தில் இருக்காது. ஊழியர்கள் வரிசைப்படுத்துவதற்காக நகர்த்தி வைத்திருப்பார்கள். அத்தனை கறுப்பு வண்டிகளுக்கு நடுவே அடையாளம் தெரிய, கைப்பிடியில் பழைய புடவைத் துண்டு கட்டியிருப்பார். (கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை.) கண்டுபிடிப்பதற்குள் ஃபுளோரிடாவின் கோடை மழை கொட்டித் தீர்த்திருக்கும். மழைக்கோட்டு இருப்பதும் அந்த வண்டிக்குள்தான்.

வாடகைக்கு எடுக்கும் அப்பாவோ கைவீசி வருவார். கொடுக்கிற பெயரட்டையோடு கெட்டிப் பிளாஸ்டிக் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். அவருக்குச் சோதனை இரவில். மேஜிக் கிங்டமில் வாணவேடிக்கை முடிந்ததும் வண்டியை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். கார் நிற்பதோ ஏரிக்கு அந்தப் பக்கம். தூங்கி விழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மோனோரயிலுக்கோ படகுக்கோ வரிசையில் நிற்பார்.

நம்மவர் காத்திருந்தது இந்த நேரத்துக்குத்தான். சொந்த வண்டி கார் வரை வரும். பையனைக் கிடத்த டப்பா, பாட்டில், பை எல்லாவற்றையும் வெளியே எடுப்பார். அவ்வளவும் மாமியார் தோளுக்குப் போய்ச் சேரும். “பார்த்தீங்களா அத்தை, 60 டாலர் மிச்சம்!”

என்னைக் கேட்டால், பிள்ளைக்கு இரண்டு வயது ஆகவில்லையென்றால் கொண்டுபோங்கள்; வாடகை வண்டியில் சாய்த்துப் படுக்கவைக்க வழியில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு வாடகையே போதும். மிச்சம் பிடித்தே ஆகவேண்டும் என்றால் வீட்டிலிருக்கும் இரண்டில் ஒன்றைக் கொண்டுபோங்கள், மூன்றாவது வாங்காதீர்கள்.