இரும்பு கல்லைத் தொட்டால்: கரிசல் சீமையில் ராக் ஸ்லைடர் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டியின் கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, சேசிஸோடு சேர்த்து மாட்டப்படும் இரும்புக் குழாய்க்கு ராக் ஸ்லைடர் என்று பெயர். வண்டி பாறையில் ஏறி இறங்கும்போது கதவடித் தகடு நசுங்கிவிடாமல், அந்தக் குழாய் பாறையின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். பிறந்ததே அதற்காகத்தான். அப்படிப்பட்ட குழாயை விருதுநகர் மாவட்டத்தில், குறிப்பாகச் சிவகாசி வட்டாரத்தில், எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்று இக்கட்டுரை ஆராய்கிறது. பாறையே இல்லாத மண்ணில் பாறைக்குழாய் எதற்கு என்ற கேள்வி ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது. அதை யாராவது எழுப்புவதற்குள் ஆய்வாளர் பட்டறைக்காரரிடம் முன்பணம் கொடுத்துவிட்டார்.

1. ஆய்வுக் களம்

மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் உப்பி எழுந்து, நடப்பவன் செருப்பைக் கழற்றி வாங்கிக்கொள்ளும். இந்த மண்ணில் வண்டி சிக்கும், புதையும், டிராக்டர் வரும்வரை காத்திருக்கும். பாறையில் உரசும் பாக்கியம் மட்டும் வாய்ப்பதில்லை.

பாறை வேண்டுமென்றால் மேற்கே போக வேண்டும். அங்கே மலையடிவாரக் காட்டை 1988-இல் சாம்பல் நிற அணிலுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் என்று புலியும் கையெழுத்துப் போட்டுவிட்டது. சதுரகிரிக்கோ தாணிப்பாறையிலிருந்து நடந்துதான் ஏற வேண்டும். சுந்தர மகாலிங்கத்துக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் காலைத்தான் நேர்ந்துகொள்கிறார்கள், டயரை அல்ல. ஆக, பாறை இருக்கும் இடத்துக்கு வண்டி போகக் கூடாது. வண்டி போகக்கூடிய இடத்தில் பாறை கிடையாது.

எஞ்சியிருப்பது வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டரில் குலுங்காமல் கடக்கலாம். ஆய்வாளரின் ‘தார்’ ஜீப்புக்குத் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர். கழித்துப் பார்த்தால், வண்டியின் மிகத் தாழ்ந்த உறுப்புக்கும் வேகத்தடைக்கும் இடையே 126 மில்லிமீட்டர் காற்று மிஞ்சுகிறது. ஸ்லைடர் அதற்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. ஏட்டில் இல்லாத இனம் ஒன்றும் உண்டு: ஒரு விபத்து நடந்த மறுநாள் தெருக்காரர்களே கூடிச் சிமெண்டில் எழுப்புவது. அதன் உயரம் அவர்களுடைய கோபத்தின் உயரம். அதை அளக்க ஆய்வாளர் இறங்கியபோது, “எந்த ஆபீசுலருந்து சார் வர்றீங்க?” என்று கேட்டு நான்கு பேர் சூழ்ந்துகொண்டதால் தரவு முழுமை பெறவில்லை.

2. முன்னோடிகள்

உரசலுக்கென்று பக்கவாட்டில் ஒரு பட்டையை ஒதுக்கி, பெட்டியின் மற்ற பாகத்தைக் காப்பாற்றுவது சிவகாசிக்குப் புதிதல்ல. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அந்தத் தீப்பெட்டியின் இருபக்கமும் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் கலந்து பூசிய பட்டை. குச்சி அங்கே மட்டும்தான் உரச வேண்டும். தாரும் பெட்டி வடிவம்தான், ஸ்லைடரும் இருபக்கம்தான். ஒரே வேறுபாடு: தீப்பெட்டியில் பட்டையைத் தேடி உரசுகிறோம், வண்டியில் உரசிய பிறகு பட்டையைத் தேடுகிறோம்.

இரண்டாவது முன்னோடி மாட்டுவண்டி. மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டா, நடுவில் அச்சு, அச்சுக்குக் கடையாணி, அவ்வளவுதான். தெருமுக்கில் வண்டி ஒடித்துத் திரும்பும்போது அடிபட்டது வண்டியல்ல, முக்கு வீட்டுச் சுவர். ஆகவே நம் பெரியவர்கள் வண்டிக்குக் கவசம் போடவில்லை; சுவர் மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்லை நட்டார்கள். பட்டா உரசினால் கல்லில் உரசட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதாவது அந்தக் காலத்தில் ராக் ஸ்லைடர் வீட்டுக்குப் பொருத்தப்பட்டிருந்தது. ஸ்லைடரே ராக்காகவும் இருந்தது. இந்தக் கண்டுபிடிப்பு ஆறாம் பகுதியில் ஆய்வாளர்மீதே வந்து மோதும்.

மூன்றாவது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேர். மாவட்டத்தின் ஆகப்பெரிய வண்டி அதுதான். எஞ்சின் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது. சக்கரத்தடியில் கட்டையைக் கொடுத்து, அந்த உரசலிலேயே தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் நம் ஊர்த் தேர்களின் வழக்கம். மற்ற எல்லாக் காரியத்திலும் முட்டுக்கட்டை போடுகிறவன் பகையாளி. தேரோட்டத்தில் மட்டும் அவன் சாரதி.

3. குழாயியல்

பட்டறையில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, “பைப்பு சும்மா பார்வைக்கா, இல்ல இடிக்கவாண்ணே?” என்பது. இந்தத் துறையில் இதைவிடக் கூர்மையான கேள்வி இல்லை. ஸ்லைடர் வேடத்தில் உலவும் பக்கப்படிகள் ஏராளம். அவை பாடித் தகட்டில் தொற்றிக்கொண்டிருக்கும், பாறை பட்டால் தகட்டையும் இழுத்துக்கொண்டு உள்ளே மடங்கும். மெய்யான ஸ்லைடர் சேசிஸைப் பிடித்திருக்கும். சோதனை எளிது: குழாய்க்கடியில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்க வேண்டும். வண்டி எழுந்தால் ஸ்லைடர். குழாய் மட்டும் எழுந்தால் படி.

அடுத்தது அளவு. பட்டறையில் சுலபமாகக் கிடைப்பது ஒன்றரை அங்குல சி கிளாஸ் பைப். வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர், தடிமன் 4 மில்லிமீட்டர், மீட்டருக்கு ஏறத்தாழ 4.4 கிலோ. வலு வேண்டுமென்று எல்லோரும் தடிமனைக் கூட்டச் சொல்கிறார்கள். வெளிவிட்டத்தை மாற்றாமல் தடிமனை இரட்டித்தால் இந்தக் குழாயின் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் ஆகும். தடிமனை அப்படியே விட்டு வெளிவிட்டத்தை இரட்டித்தால் ஏறக்குறைய ஒன்பது மடங்கு ஆகும். விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மொத்தமான பரோட்டா வயிற்றுக்குக் கனம், அவ்வளவே. எடையையும் மறக்கக் கூடாது: பக்கத்துக்கு இரண்டு குழாய், தாங்கு தகடு, போல்ட் என்று கூட்டினால் 40 கிலோவை நெருங்கும். மயிலிறகே ஆனாலும் மிகுதியாக ஏற்றினால் அச்சு முறியும் என்று எச்சரித்த வள்ளுவரிடம் சி கிளாஸ் பைப்பைக் காட்டாமல் இருப்பது நல்லது.

மற்ற முடிவுகள் சுருக்கமாக: குழாய் வெளிப்பக்கமாகச் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் பாறை வண்டியைத் தள்ளிவிடும், கதவைத் தேடி வராது. சேசிஸில் நேரடியாக வெல்டிங் வைத்தால் சூட்டில் உலோகம் பலம் குறையும். போல்ட் போட்டு மாட்டினால் கழற்றவும் வழியுண்டு. அடியில் தண்ணீர் வடியத் துளை அவசியம். துளையைக் கரிசல் மண் அடைத்துக்கொள்ளும் என்பதால் அதைக் குத்திவிட ஒரு ஈர்க்குச்சியும் அவசியம். பவுடர் கோட்டிங் அழகு, ஆனால் பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். சாதாரண பெயிண்ட் அடித்திருந்தால் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடித்ததில் மிச்சம் போதும்.

4. சட்ட நிலை

வண்டியின் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி எதையும் திருத்தக் கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. முன்பக்கத் தடுப்புக் கம்பிகளை அகற்றும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அந்தக் கம்பி, இடிபடும் மனிதரை இன்னும் மோசமாக இடிக்கும். ஸ்லைடர் வண்டிக்கடியில் பதுங்கிக்கொண்டு, தன்னைப் பற்றிப் பேசவில்லை என்பதுபோல் நிற்கிறது. அணிலின் காடு, வண்டியின் சட்டம், வேகத்தடையின் அளவு மூன்றுமே 1988-இல் வந்தவை. அந்த ஆண்டு இந்த ஆய்வாளருக்கு எதிராகவே திட்டமிடப்பட்டது என்ற கருதுகோளை மறுக்க இதுவரை சான்று கிடைக்கவில்லை.

5. பொறி என்னும் சிக்கல்

வேறெந்த ஊரிலும் எழாத கேள்வி இங்கே எழுகிறது. ராக் ஸ்லைடரின் வேலை இரும்பைக் கல்லில் உரசுவது. சிவகாசியின் ஒழுக்கமோ இரும்பைக் கல்லில் உரசாமலிருப்பது.

உரசும்போது எரிவது கல் அல்ல, இரும்பு. கடினமான கல் இரும்பைச் சீவி எடுக்கிறது. சீவிய துணுக்கு அந்தச் சூட்டிலேயே காற்றில் பற்றிக்கொள்கிறது. கம்பி மத்தாப்பில் பூப்பூவாகச் சிதறுவதும் இதே இரும்புத் தூள்தான். ஆகவே ராக் ஸ்லைடருக்கு இந்த ஆய்வு முன்வைக்கும் வரையறை: 40 கிலோ எடையுள்ள, திரும்பத் திரும்பக் கொளுத்தக்கூடிய கம்பி மத்தாப்பு.

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும், செலுத்தும் அறைகளில் இரும்புக் கருவிக்கு இடமில்லை. மரமும் பித்தளையும் அலுமினியமும்தான். தரையில் ரப்பர் விரிப்பு. ஆணி அடித்த செருப்பு கூடாது. உடம்பில் ஏறியிருக்கும் மின்னேற்றம் இறங்கட்டும் என்று, நுழையுமுன் வாசலில் பதித்த செப்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டு உள்ளே போவார்கள். அறைக்கும் அறைக்கும் இடைவெளி விதிப்படி விடப்பட்டிருக்கும். உள்ளே வரும் வண்டியின் புகைக்குழாய்க்குக்கூடப் பொறித்தடுப்பு உண்டு. இவை தவறிய இடங்களின் பெயர்கள் ஆண்டுதோறும் செய்தித்தாளில் வருகின்றன. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது ஆய்வாளரும் கேலியை நிறுத்திக்கொள்கிறார்.

மாற்று உலோகங்கள் பரிசீலிக்கப்பட்டன. அலுமினியம் தனக்குத்தானே பொறி விடாது. ஆனால் மென்மையானது, பாறையில் வழுக்குவதற்குப் பதில் கவ்விக்கொள்ளும். துருப்பிடித்த இரும்பில் பலமாக அடிபட்டாலோ இரும்பை மிஞ்சிய சூட்டுப் பொறி பறக்கும். பித்தளையில் செய்தால் செலவு வண்டியை எட்டிப் பிடிக்கும். இரவில் திருட்டுப் போகும். திருட்டுப் போகாவிட்டால் அம்மா வாரந்தோறும் புளி போட்டு விளக்கச் சொல்வார். வண்டிச்சக்கரம் செய்த கருவேலங்கட்டை உண்டு. அதற்கு ஆசாரியைத் தேட வேண்டும்.

6. கள ஆய்வு

பொருத்தியது இரும்புதான். ஆறு மாதம் கவனித்ததில் தெரியவந்தவை:

பாறை, சுழியம் முறை. டீக்கடை வாசலில் அமரும் பலகையாக, தினமும். ஒரு பக்கத்துக்கு மூன்று பேர், நெருங்கினால் நான்கு. துவைத்த துண்டு காயப்போட, இருமுறை. அம்மாவின் மதிப்பீடு: “ஏறுறதுக்குப் படி வைடான்னா, இடிக்கிறதுக்குக் கம்பி வச்சிருக்கான்.” சேலையோடு ஏறுபவருக்குக் குழாயின் வளைவில் கால் நிற்காது என்பது உண்மை, மேலே சொரசொரப்பான தகடு ஒன்று போட்டிருக்க வேண்டும். இந்தக் குறிப்பு எந்த விற்பனையாளரின் விளம்பரத்திலும் காணப்படவில்லை.

ஏழாம் மாதம் ஒரு மாலை, அப்பத்தா வீட்டுத் தெருவுக்குள் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது இடப்பக்கத்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். இரண்டாம் பகுதியில் சொன்ன கல். தாத்தா காலத்தில் மாட்டுவண்டிக்காக நட்டது. வண்டியைக் காக்க வந்த இரும்பும் வீட்டைக் காக்க வந்த கல்லும் நேருக்கு நேர் சந்தித்து, இரண்டும் தத்தம் கடமையைப் பழுதில்லாமல் செய்தன. கதவில் கீறல் இல்லை. சுவரில் கீறல் இல்லை. குழாயில் பெயிண்ட் போயிருந்தது. கல்லில் வெள்ளையாக ஒரு கோடு.

எதிர்த் திண்ணையிலிருந்து மாமா எழுந்து வந்தார். பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியைப் பார்க்கவில்லை, வீட்டையும் பார்க்கவில்லை.

“பொறி வந்துச்சா?”

“நாலஞ்சு வந்துச்சு மாமா. லேசாத்தான்.”

குனிந்து கல்லைச் சுற்றிப் பார்த்தார். காற்றில் ஒதுங்கிக் கிடந்த காகிதக் குப்பையைக் காலால் தள்ளிவிட்டார். “இங்கன மருந்து ஒண்ணும் கெடையாது. ஒனக்கும் ஒண்ணும் ஆகாது, கல்லுக்கும் ஒண்ணும் ஆகாது. இருந்தாலும் வேணாம். இனிமே ஒரு சாண் தள்ளி ஒடி.”

7. முடிவுகள்

கரிசல் சீமைக்கு உகந்த ராக் ஸ்லைடர் ஒரு சாண் காற்று. துருப்பிடிக்காது, எடையில்லை, 52-ஆம் பிரிவுக்குள் வராது, பொறி விடாது. ஆலைகளில் அறைக்கும் அறைக்கும் நடுவே பொருத்தியிருப்பதும் அதைத்தான். இரும்பில்தான் வேண்டும் என்பவர்கள் சேசிஸில் போல்ட் போட்டு, விட்டம் பெரிதாக, துளையோடு, மேலே தகடு வைத்து வாங்கிக்கொள்ளலாம். அம்மாவிடம் படி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆய்வாளரின் வண்டி இப்போது மாலைகளில் மாமா வீட்டு வாசலில் நிற்கிறது. திண்ணையைவிட இது வாகாக இருக்கிறது என்று ஸ்லைடரில் உட்கார்ந்துதான் அவர் வெற்றிலை போடுகிறார். உட்காருமுன் உள்ளங்கையால் குழாயை ஒரு தரம் தொட்டு எடுக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, “எதை?” என்றார்.