தொழுவத்திலிருந்து தொட்டிலுக்கு

கேள்வி: ஆங்கிலத்தில் பிள்ளைகளை 'கிட்' என்கிறார்களே, அது ஆட்டுக்குட்டி அல்லவா? கொஞ்சமாவது மரியாதை வேண்டாமா?

பதில்: நீங்கள் மட்டும் வீட்டு வாண்டை 'குட்டிம்மா' என்று கொஞ்சலாமோ? வெள்ளாட்டுக் குட்டிதான், சந்தேகமில்லை. செம்மறிக் குட்டிக்கு 'லாம்ப்' என்று தனிப்பெயர் உண்டு. நார்ஸ் மொழியிலிருந்து வந்து சில நூற்றாண்டுகள் தொழுவத்திலேயே கிடந்த இந்தச் சொல், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொச்சை வழக்காகத் தொட்டில் ஏறியது. 'கிட்னாப்'பில் இருப்பதும் இதே கிட்தான். 'நாப்' என்றால் பறிப்பது. 17ஆம் நூற்றாண்டில் பிள்ளைகளைப் பிடித்து, அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வேலையாட்களாகக் கப்பலேற்றிய கொடுமையில் பிறந்த சொல் அது. 'கிட்டிங்' என்றால் கேலி. ஆளைச் சின்னப்பிள்ளையாக்கி ஏய்ப்பது என்ற பொருளில் வந்திருக்கலாம்.

கொச்சைதானே, தவிர்க்கலாமே என்பீர்கள். மேடைப் பேச்சில் தவிருங்கள், தப்பில்லை. ஆனால் விலங்கின் பெயர் என்பதால் இழிவு என்றால் நம் கதை என்னாவது? தொல்காப்பிய மரபியல் குட்டி, கன்று, பிள்ளை, மறி என ஒன்பது இளமைப் பெயர்கள் சொல்கிறது. அவை ஆளுக்கும் விலங்குக்கும் மரத்துக்கும் தாராளமாகக் கைமாறியவை. கீரியும் பிள்ளை, அணிலும் பிள்ளை, தென்னங்கன்றும் பிள்ளை! ஆட்சேபிக்க உரிமை ஆட்டுக்கு மட்டுமே உண்டு: சீமான்கள் போட்ட 'கிட்' கையுறை அதன் குட்டித் தோலில் தைத்தது.