ஒல்லிக்கும் அனுமதி இல்லை!

கேள்வி: மின் நிலைய ஜெனரேட்டருக்குள் ரோபோவை அனுப்பி இன்சுலேஷனைச் சோதிக்கிறார்களாமே? ஆள் போய்ப் பார்த்தால் ஆகாதா?
– ஒரு வாசகர், குண்டலுபேட்டை

பதில்: ஆகும், அதற்கு முன் பல டன் எடையுள்ள ரோட்டரை, அதாவது சுழலும் பாகத்தை, வெளியே உருவ வேண்டும். கிரேன், ஆட்கள், நாள்கணக்கில் உற்பத்தி நிறுத்தம், போதாததற்கு ‘எங்கும் உரசிவிடக் கூடாதே’ என்று அதிகாரிகளின் வேண்டுதல்!

ரோட்டருக்கும் அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டருக்கும் நடுவில் இருப்பதோ சில சென்டிமீட்டர் இடைவெளி. தொப்பை வைத்த எஞ்சினியருக்கு அங்கே அனுமதி இல்லை, ஒல்லியானவருக்கும் இல்லை. தட்டையான ரோபோ காந்தப் பிடியில் ஊர்ந்து போகும். கேமராவால் பார்க்கும். சுருள்களை இறுக்கிப் பிடித்திருக்கும் ஆப்புகளை, சந்தையில் தேங்காய் தட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்கும். ஆப்பு தளர்ந்தால் சுருள் அதிரும். மேலே சுற்றிய மைக்கா இன்சுலேஷன் உரசித் தேயும். ஒருநாள் ஷார்ட் ஆகும். ஸ்டேட்டரின் இரும்புத் தகடுகளுக்கு இடையிலான மெல்லிய பூச்சு எங்கே கெட்டிருக்கிறது என்றும் ரோபோ சொல்லிவிடும்.

உங்கள் பக்கத்துச் சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-ல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனபோது இந்தச் சொகுசெல்லாம் ஏது?

ஆனால் ரோபோ குறைதான் சொல்லும். பெரிய பழுது என்றால் ரோட்டரை உருவித்தான் ஆக வேண்டும்.