உபரி ஸ்பீக்கரின் தோற்றமும் பரவலும்

ஹோம் தியேட்டர் உள்ள வீட்டில் எதனோடும் இணைக்கப்படாத ஸ்பீக்கர் ஒன்றாவது இருக்கும். பரண், கட்டிலின் அடி, பீரோவின் தலை என அதன் இருப்பிடம் மாறுமே தவிர இருப்பு மாறாது. ஆற்றல் அழிவின்மை விதியைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிடும் நம் சமூகம், அதற்குச் சற்றும் குறையாத ஸ்பீக்கர் அழிவின்மை விதியை இன்றுவரை வகுக்காமல் விட்டது வியப்பே. அது பின்வருமாறு: வீட்டுக்குள் புகுந்த ஸ்பீக்கர் வேலை மாறலாம், உருமாறலாம், ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காமலும் கிடக்கலாம், படி இறங்காது.

முதற்கண் தோற்றம். காந்தப்புலத்தில் கம்பிச் சுருளை அசைத்துக் கூம்பை அதிரவைக்கும் முறையை, ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ரைஸும் கெல்லாக்கும் 1925-இல் வெளியிட்டார்கள். அப்போது வீட்டுக்கு ஒன்று போதுமானதாக இருந்தது. ஸ்டீரியோ வந்து அதை இரண்டாக்கியது. 1992-இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ டால்பி டிஜிட்டலில் வெளியானபின் 5.1 என்ற எண் புழக்கத்துக்கு வந்தது. 2010-இல் ‘டாய் ஸ்டோரி 3’ அதை 7.1 ஆக்கியது. 2012-இல் ‘பிரேவ்’ அட்மாஸ் முறையில் வந்து, கூரையையும் விட்டுவைக்கவில்லை. தியேட்டரில் ஏறும் எண் சில ஆண்டுகளில் வரவேற்பறைக்கு இறங்கும்; இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பழைய செட் பரணுக்கு ஏறும். பழைய ஸ்பீக்கரைப் புதிய செட்டில் மாட்டலாமே என்பார்க்கு: பெட்டியோடு வந்தவை பெரும்பாலும் 3 அல்லது 4 ஓம், புதிய ஆம்ப்ளிஃபயரின் முதுகில் அச்சிட்டிருப்பதோ 6 முதல் 8 ஓம். பிளக்கும் பொருந்தாது. ஜாதகம் பார்ப்பவர்கள் கூட இவ்வளவு கறாராக இருப்பதில்லை.

இது உபரியின் ஒரு வகையே. இன்னொரு வகை புத்தம் புதிதாக, ஒரு நாளும் பாடாமலேயே உபரியாகிறது. அது பின்பக்க ஸ்பீக்கர். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி அது கேட்பவரின் நேர்ப்பார்வையிலிருந்து 100 முதல் 120 டிகிரிக்குள் அமைய வேண்டும். ஜெனீவாவில் அமர்ந்து இந்தக் கோணத்தை வகுத்தவர்கள் நம் அடுக்ககங்களின் ஹாலைப் பார்த்ததில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இங்கே சோபா சுவரோடு ஒட்டியே கிடக்கும். 110 டிகிரியில் ஒருபுறம் பூஜையறைக் கதவு, மறுபுறம் பாத்ரூம் கதவு. ஒலியியலைத் தெய்வத்துக்குச் சமர்ப்பித்தாலும் ஸ்பீக்கரை மறுபக்கம் எங்கே வைப்பது? எப்படியோ ஸ்டாண்ட் வாங்கி நிறுத்தினாலும் வயர் இருக்கிறது. தரை நெடுக ஓடும் அந்த வயரின் ஆயுளைத் தீர்மானிப்பது ஓம் அல்ல, துடைப்பம். முதல் நாள் வயர் ஓரமாக ஒதுக்கப்படும். பிறகு சுருட்டப்படும். அடுத்த விசேஷத்துக்கு விருந்தாளி வருவதற்குள் ஸ்பீக்கரும் வயரும் ஒரே பாலித்தீன் பையில் சேர்ந்திருக்கும்.

இனி மறுபயன்பாடு. இதில் இருசாரார் உண்டு. அடுக்களைக்கு இழு என்பார் ஒரு சாரார். சும்மா இரு என்பார் மறுசாரார். அடுக்களைக் கட்சிக்கு அறிவியல் ஆதரவு குறைவு. ஒலி ஒரு நொடியில் சுமார் 343 மீட்டர் போகும்; ஹாலுக்கும் அடுக்களைக்கும் 10 மீட்டர் என்றால், அடுக்களை ஸ்பீக்கரின் ஒலியைவிட ஹால் ஒலி சுமார் 29 மில்லி நொடி பிந்தி வரும். அவ்வளவு வரைக்கும் காது இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும் என்பது 1949-இல் ஹெல்முட் ஹாஸ் கண்டறிந்தது. அதற்கு மேல் போனால் எதிரொலி. தாளிக்கிறவர் ஒவ்வொரு வசனத்தையும் இருமுறை கேட்பார். தொடர் நாடகத்துக்கு அது கூடுதல் பலன் என்று வாதிடுவோரும் உளர்.

அடுக்களை ஸ்பீக்கரைத் தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் ஹால் ஸ்பீக்கரின் முனையிலேயே சேர்த்து முறுக்குவது நம்மவர் வழக்கம். 8 ஓம் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் ஆம்ப்ளிஃபயருக்குத் தெரிவது 4 ஓம். நான்கைப் போட்டால் 2. சத்தம் கூடுவதாகத் தோன்றும். கூடவே ஒரு கருகல் வாசனையும் வரும்.

நாம் பெரிதும் மதிக்கும் முறை டேவிட் ஹேஃப்லர் என்ற அமெரிக்கருடையது. உபரி ஸ்பீக்கரை ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் இடது சிவப்பு முனைக்கும் வலது சிவப்பு முனைக்கும் நடுவே கட்டி, கறுப்பு முனைகளைத் தொடாமல் விட வேண்டும். இரு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டும் அதில் ஒலிக்கும். பாடகர் குரல் இரு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் அடிபட்டுப் போகும். வயலின் கூட்டம், கோரஸ், அறையின் எதிரொலி மிஞ்சும். பழைய பாட்டு ஒன்றை இப்படிக் கேட்டவர்கள், இத்தனை நாள் பாடகர் எதையெல்லாம் மறைத்துக்கொண்டு நின்றார் என்று தெரிந்து திகைப்பார்கள். ஒரு எச்சரிக்கை: இரு கறுப்பு முனைகளும் உள்ளே ஒன்றாக இணைந்த ஆம்ப்ளிஃபயருக்கே இது பொருந்தும். கறுப்பு முனைகள் அப்படி இணையாத பிரிட்ஜ் வகையில் செய்தால் ஆம்ப்ளிஃபயரும் உபரிப் பட்டியலில் சேரும்.

பெட்டி உடைந்து கூம்பு மட்டும் மிஞ்சிய ஸ்பீக்கருக்கும் இந்நாட்டில் மரபு உண்டு. கேசட் காலத்து டீக்கடைகளில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தினார்களே, அது விளையாட்டல்ல. கூம்பின் பின்பக்க ஒலி முன்பக்க ஒலியைத் தின்றுவிடாமல் பானை தடுத்தது. தன் அதிர்வெண்ணில் கீழ்ஸ்தாயியைத் தூக்கியும் கொடுத்தது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், நாடக அரங்குகளில் வெண்கலக் கலங்கள் பதிப்பதைப் பற்றி கி.மு. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டு, கையில் காசில்லாத சிற்றூர்களில் மண்பானை வைத்தார்கள் என்றும் சேர்த்திருக்கிறார். ஆகவே டீக்கடை மாஸ்டர் விட்ருவியஸ் மரபினர் என்று கொள்வதில் தடையில்லை.

சப்-ஊஃபருக்கு ஒலியியல் ஆராய்ச்சி தேவையில்லை. அது ஸ்டூல். மேலே ஒரு துண்டு போட்டால் தாத்தாவின் செய்தித்தாள் மேசை; நவராத்திரிக்குக் கொலுவில் உயரம் போதாத ஓரத்துக்கு முட்டு.

அழிவின்மை விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டெனச் சிலர் சொல்வர்: வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போகும் அக்கா மகனிடம் கொடுத்தனுப்பிவிடுவது. இவ்வாய்வாளர் இதை நேரில் கவனித்திருக்கிறார். வழியனுப்பும்போது, “மாமா, இது ரெண்டையும் நானே வச்சுக்கவா?” என்றான் பையன். வீடே மகிழ்ந்தது. படிப்பு முடிந்து அறையைக் காலி செய்துவிட்டு வந்தபோது அவனிடம் அந்த இரண்டும் இருந்தன. ரூம்மேட் விட்டுப்போன இரண்டும், ஒரு சப்-ஊஃபரும் கூட இருந்தன. “அம்மா வீட்ல இடமில்லைன்னு சொல்லிட்டாங்க மாமா, இங்க பரண்ல வச்சிடவா?”