முன்னுரை, பொருளுரை, டெல்லி அப்பளம்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் பொதுக்கட்டுரைக்கு 8 மதிப்பெண். வீடு கட்டுகிறவனுக்கு மேஸ்திரி கயிறு பிடித்துக் கொடுப்பதுபோல, என்னென்ன தலைப்பு போட வேண்டும் என்பதையும் வினாத்தாளிலேயே கொடுத்துவிடுகிறார்கள். முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரை, நடுவில் சிறு கோடு போட்டுப் பிரித்த ஏழெட்டுக் குறிப்புகள். மாணவர் அவற்றை எழுதி, அடிக்கோடிட்டு, கீழே உள்ள இடத்தை நிரப்பினால் போதும். தமிழாசிரியராக நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை அப்படி நிரப்பப்பட்ட இடங்கள்தாம்.

முன்னுரைக்குக் குறள் கட்டாயம். தலைப்பு மரம் வளர்ப்பா, சாலைப் பாதுகாப்பா, கணினியா என்பதெல்லாம் வள்ளுவருக்கு ஒரு பொருட்டில்லை. 1330 இருக்கின்றன, ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் மாணவரே சொந்தமாக ஒரு வரி எழுதி, ‘என்றார் வள்ளுவர்’ என்று முடித்துவிடுவார். திருத்துகிறவருக்கு 1330-ம் மனப்பாடம் இல்லை என்ற இரகசியம் எப்படித்தான் வெளியே கசிந்ததோ!

முடிவுரை இன்னும் சுலபம். மரம் நடுவோம், நீரைக் காப்போம், தமிழைப் போற்றுவோம், வளம் பெறுவோம். வகுப்பு மொத்தமும் இப்படி உறுதிமொழி எடுத்துவிட்டு, மறுநாள் பள்ளி வாசலில் வைத்த வேப்பங்கன்றின் மேலேயே சைக்கிளைச் சாய்த்து நிறுத்தியிருக்கும்.

இடையில் இருப்பது பொருளுரை. அதை யாரும் படிப்பதில்லை என்பது மாணவர் உலகின் அசைக்க முடியாத நம்பிக்கை. நடுப்பக்கத்தில் சினிமாக் கதை எழுதி முழு மதிப்பெண் வாங்கிய ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. எல்லா ஊரிலும் அவர் யாரோ ஒருவருடைய அண்ணனின் நண்பர். நேரில் பார்த்தவர்தான் இல்லை.

நான் படிக்கிறேன். படிப்பதால்தான் வரலாறு எனக்குப் புதிது புதிதாகத் தெரியவருகிறது. ‘நான் விரும்பும் தலைவர்’ என்றால் காமராசரை மனப்பாடம் செய்து வருகிறார்கள். கேள்வியில் அப்துல் கலாம் வந்துவிட்டால் பெயரை மட்டும் மாற்றிப் போடுகிறார்கள். ஆச்சரியம் என்னவென்றால், முக்கால்வாசி பொருந்திவிடுகிறது. இருவரும் எளிய குடும்பம், இருவரும் மணம் செய்துகொள்ளாதவர்கள், இருவருக்கும் பாரத ரத்னா. பிறந்த தேதிகூட இருவருக்கும் 15. மாதம்தான் ஜூலைக்குப் பதில் அக்டோபர். மீதிக் கால்வாசியில்தான் வம்பு. கலாம் விருதுநகரில் பிறந்து, முதலமைச்சராகி, 1959-இல் வைகை அணையைத் திறந்து வைக்கிறார். உண்மையில் அப்போது அவருக்கு வயது 27, வேலைக்குச் சேர்ந்த புதிது. அணையைத் திறக்க யாராவது விடுப்பு கொடுத்திருப்பார்களா?

இதையெல்லாம் சிரித்துவிட்டுத் திருத்தலாம். என் வருத்தம் வேறு. அரசுப் பொருட்காட்சிக்குப் போய் வந்ததைக் கட்டுரையாக்கச் சொல்லி ஒரு வினா உண்டு. தமிழ்நாட்டில் பொருட்காட்சிக்குப் போகாத பிள்ளை அபூர்வம். ஆனால் விடைத்தாளில் அவர்கள் போய் வருகிற பொருட்காட்சி வேறு எங்கோ நடக்கிறது. அங்கே வேளாண்மைத் துறை அரங்கம் கண்ணைக் கவர்கிறது, சுகாதாரத் துறை அரங்கம் சிந்தையைக் கவர்கிறது. எந்தக் குழந்தை சுகாதாரத் துறை அரங்கத்துக்குப் போக வேண்டும் என்று அப்பா சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறது? முகத்தை மறைக்கும் அளவு பெரிய டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் இல்லாமல் தீவுத்திடலில் ஒரு பொருட்காட்சி நடந்துவிட முடியுமா? கட்டுரையில் மட்டும் நடக்கிறது.

அப்படி எழுதிய ஒரு பையனைக் கூப்பிட்டு, “நிஜமா அங்க என்னடா பாத்தே?” என்றேன்.

“ராட்டினம் மேல போய் நின்னுடுச்சு சார். எங்க சித்தி கத்துன கத்துல கீழ பஜ்ஜி போடுறவரு கரண்டியோட நிமிந்து பாத்தாரு. எண்ணெய்ல இருந்த பஜ்ஜி கருகிடுச்சு. அதையும் காசுக்குத்தான் சார் குடுத்தாரு.”

“இதை எழுத வேண்டியதுதானே?”

“அது கட்டுரை இல்லையே சார்!”

அதுதான் தம்பி கட்டுரை. இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், ஒன்று நடந்து அதனால் இன்னொன்று நடக்கிறது, கடைசியில் உனக்கென்று ஒரு மனக்குறையும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? உட்தலைப்பு போடு, போடாவிட்டால் மதிப்பெண் போகும், அதில் என்னால் உதவ முடியாது. ஆனால் ‘சிறு அங்காடிகள்’ என்று தலைப்பு போட்ட பிறகு அதன் கீழே சித்தியைக் கத்த விடு. ‘கண்கொள்ளாக் காட்சி’ என்று எழுதக் கை துறுதுறுத்தால், கண் கொள்ளாத அளவுக்கு அங்கே என்னதான் இருந்தது என்று அடுத்த வரியிலாவது சொல். குறள் சரியாக நினைவில் இருந்தால் எழுது. இல்லையென்றால் வள்ளுவரைச் சும்மா விடு, அவர் எழுதியதே போதுமான அளவு இருக்கிறது. ஒரு பத்திக்கு ஒரு செய்தி. சொல்ல ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் நிறுத்து. கூடுதல் தாள் வாங்கினால் கூடுதல் மதிப்பெண் என்பது வதந்தி.

என் சக ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். முற்பகல் ஒரு கட்டு, பிற்பகல் ஒரு கட்டு என்று விடைத்தாள்கள் நம் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும், முதுகு வலிக்கும், தெரியும். ஆனாலும் எந்தத் தாளிலாவது சுகாதாரத் துறை அரங்கத்துக்கும் முடிவுரைக்கும் நடுவில் ஓர் அப்பளம் உண்மையாக நொறுங்கினால், ஒற்றுப்பிழைக்குக் கழித்த அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.