ஆடிக் காற்றில் ஃபேஸ் பேக்

பட்டப்பகலில் ஓர் அறை உட்பக்கம் தாழிட்டிருந்தால் சுந்தரபாண்டியபுரத்தில் அதற்கு இரண்டே அர்த்தம்தான். உள்ளே இருப்பவருக்கு உடம்பு சரியில்லை. அல்லது வீட்டாரோடு சண்டை. நாற்பதைத் தாண்டிய ஆண் ஒருவன் முகத்தில் களிமண்ணைப் பூசிக்கொண்டு அது காய்வதற்காக உட்கார்ந்திருக்கிறான் என்ற மூன்றாவது அர்த்தத்தை எங்கள் தெரு இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

எல்லாம் 2020-இல் வந்த வினை. ஊரடங்கில் கம்பெனி எங்களை வீட்டுக்கு அனுப்பியது; என் வீடு தென்காசிப் பக்கம் என்பதால் இங்கே வந்தேன், மடிக்கணினியோடு தங்கியும் விட்டேன். அதுவரை என் முகத்தைப் பார்க்க வேண்டிய கஷ்டம் அடுத்தவர்களுடையது. வீடியோ மீட்டிங் வந்ததும் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. திரையில் ஒரு மூலையில் சின்னக் கட்டம், அதற்குள் நான். மேலதிகாரி விற்பனை ஏன் சரிந்தது என்று விளக்கிக்கொண்டிருப்பார். என் கவனம் முழுக்க கண்ணுக்குக் கீழே சரிந்திருப்பதில்தான் இருக்கும்.

இணையத்தில் பரிகாரம் தேடினேன். காலையில் ஃபேஸ் வாஷ், டோனர், சீரம், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். இரவில் சன்ஸ்கிரீன் நீங்கலாக மறுபடியும் அத்தனையும். நடுநடுவே "உள்ளே இறங்குவதற்கு" அவகாசம் தர வேண்டுமாம். வாரம் ஒருமுறை க்ளே மாஸ்க். இதற்கெல்லாம் சேர்த்து "உங்களுக்கே உங்களுக்கான நேரம்" என்று பெயர். ஆச்சியிடம் அதைச் சொன்னேன். "யாருட்டலே கேட்டு எடுத்த?" என்றாள்.

கூரியரில் பெட்டி வந்த அன்று, ஒவ்வொரு பாட்டிலையும் வாசித்துக் காட்டச் சொல்லி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். எல்லாமே 'க்ளீன்' ரகம். சல்பேட் இல்லை, பாரபென் இல்லை, சிலிகான் இல்லை, செயற்கை மணம் இல்லை.

"இல்லாததத்தான வரிசையா எழுதிருக்கான். இருக்கது என்னன்னு வாசி."

இருப்பது பின்பக்கம், எறும்பு வரிசையாகப் பொடி எழுத்தில் இருந்தது. முதல் பொருள் தண்ணீர். ஆச்சி விலையைக் கேட்டாள். சொன்னேன். மறுபடியும் முதல் பொருளைக் கேட்டாள்.

'விலங்குகள் மேல் சோதிக்கப்படவில்லை' என்ற வரி வந்ததும் நிமிர்ந்தாள். "பின்ன யாரு மேலலே சோதிப்பான்?" கேள்வி நியாயமானது. அவள் பார்வை என் முகத்தில் நின்றது. அழகுப் பொருள்களை விலங்குகள் மேல் சோதிப்பதற்கு இந்தியாவில் 2014-லிருந்தே தடை இருக்கிறது. அப்படிச் சோதித்ததை இறக்குமதி செய்யவும் கூடாது. இந்த ஊரில் விற்கும் எவனும் செய்யக் கூடாத ஒன்றை, தான் மட்டும் செய்யாததுபோல் அச்சடித்துக்கொள்வது, மளிகைக்கடைக்காரர் 'இங்கே திருட்டு அரிசி விற்பதில்லை' என்று போர்டு மாட்டுவது மாதிரி.

பாரபென் சங்கதியும் அப்படித்தான். அது பொருள் கெடாமல் காக்கிற ஒன்று. தண்ணீர் சேர்ந்த எந்தக் கிரீமிலும் காப்புப் பொருள் இல்லாவிட்டால் பூஞ்சை குடியேறிவிடும். ஆகவே பாரபென்னை எடுத்த கையோடு, அந்த வேலைக்கு வேறொன்றைப் போட்டாக வேண்டும். ஆச்சியின் நலங்கு மாவுக்கு இந்த வம்பே கிடையாது. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ், எல்லாவற்றையும் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துத் திரித்து டப்பாவில் அடைத்துவிடுவாள். தேவைப்படும்போது உள்ளங்கையில்தான் தண்ணீர் சேரும். ஈரமில்லாத இடத்தில் கிருமிக்கு என்ன வேலை? இதையே இப்போது 'வாட்டர்லெஸ்' என்ற பெயரில் விற்கிறார்கள்.

சோப்பு போட்டால் "மூஞ்சி இழுக்குது" என்பாள் ஆச்சி. அதற்கும் காரணம் இருக்கிறது. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, பி.எச். ஐந்துக்குப் பக்கத்தில். சாதாரணக் குளியல் சோப்பு ஒன்பது, பத்து என்று காரத்தில் நிற்கும். அழுக்கோடு சேர்த்து தோலின் எண்ணெயையும் வழித்துக்கொண்டு போய்விடும்.

அதற்காக, பாட்டி சொன்னால் வேதம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆளில்லை நான். இதே ஆச்சிதான் எங்களைச் சின்ன வயதில் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து, அழுக்கு போனதா தோல் போனதா என்று தெரியாத பதத்தில் வெளியே அனுப்பியவள். சிவந்தால்தான் சுத்தம் என்பது அவள் சித்தாந்தம். தோலின் மேலடுக்கு ஒரு காப்பு, அதை இப்படிச் சுரண்டக் கூடாது என்று இன்று நான் விளக்கினால், "அப்பச் சுரண்டினதாலதான் இன்னைக்கு இந்த அளவுக்காவது இருக்க" என்கிறாள்.

க்ளே மாஸ்க்குக்கு வருவோம். குளியலறையில் பூசினால் கதவைத் தட்டுகிறார்கள். அறையில் பூசினால் சண்டையென்று நினைத்து அத்தை சமாதானம் பேச வருகிறாள். எனவே மொட்டைமாடி. மாதம் ஆடி. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும்போது, குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு, எங்கள் ஊருக்கு வெறும் காற்றைத்தான் மிச்சம் வைக்கும். அம்மியையே தூக்கும் என்று பேர் வாங்கிய காற்று. காய இருபது நிமிடம் ஆகும் என்று டப்பாவில் போட்டிருந்த மாஸ்க், சட்டென்று விறைத்துப்போனது. போதாததற்கு உமி, தூசி, பக்கத்து வீட்டுக் கோழியிறகு எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டன.

அந்தச் சமயம் பார்த்துக் கீழே ஒரு கேரளா கார் நின்றது. ஆடி, ஆவணியில் சூரியகாந்தி பூத்துவிட்டால் மலை தாண்டிப் படமெடுக்க வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பாதிப்பேர் சாயங்காலம் வந்து ஏமாறுவார்கள். மொட்டாக இருக்கும்வரைதான் சூரியகாந்தி சூரியனோடு திரும்பும்; முற்றிய பூ கிழக்கைப் பார்த்து நின்றுவிடும். இவர்களும் பூவின் முதுகைப் பார்த்துவிட்டு வழி கேட்க நின்றவர்கள்தான். வெள்ளை முகத்தோடு மாடியில் நின்ற என்னைக் கண்டதும் ஒருவர் உற்சாகமாகக் கூவினார்: "ஷூட்டிங் உண்டோ சேட்டா?"

அவரைக் குறை சொல்லக் கூடாது. 1992-இல் 'ரோஜா' வந்ததிலிருந்து இது சினிமாக்காரர்களின் ஊர். 2005-இல் வந்த 'அந்நியன்' பாட்டுக்காகப் பக்கத்துப் பாறையில் எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி என்று நடிகர்களின் முகங்களைப் பெரிது பெரிதாக வரைந்தார்கள். படம் போய்விட்டது, பாறை நிற்கிறது. அதற்கு 'அந்நியன் பாறை' என்றே பெயர். இத்தனை வருட வெயிலில் அந்த முகங்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் சன்ஸ்கிரீனில் எனக்கு நம்பிக்கை பிறந்தது. வாங்கியவற்றில் உண்மையாகவே வேலை செய்வது அது ஒன்றுதான் என்பது என் கட்சி. எஸ்.பி.எஃப். 30 போட்டதே தோலைச் சுடும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுத்துவிடும். 50-க்கு மாறினால் 98. அந்த ஒரு சதவீதத்துக்கு ஏன் இவ்வளவு விலை என்று கேட்டால் கடையில் முறைக்கிறார்கள்.

கடைசியில் ஒருநாள் மாமா பொறுக்கமாட்டாமல், "வாரும்வே" என்று என்னைக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். 2020-இல் சீசன் முழுக்கக் குளிக்க விடாமல் அடைத்துவைத்திருந்தார்கள். யார் தலையிலும் விழாமல் அருவி சும்மா விழுந்துகொண்டிருந்தது. இப்போது கூட்டம் சகஜமாகிவிட்டது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதையும் அருவியில் போடக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. நீதிமன்ற உத்தரவோடு 'க்ளீன்' ஆன ஸ்கின்கேர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்: வெறும் தண்ணீர், மேலேயிருந்து.

மாமா முதலில் மசாஜ் பலகையில் என்னைக் குப்புறக் கிடத்தினார். எண்ணெய் தேய்க்கும் அண்ணாச்சி என் அனுமதி எதையும் கேட்கவில்லை. முதுகில் ஏறி மிதிக்காத குறை. தலையில் தவில் வாசித்தார். நடுவில் முகத்துக்கு வந்தவர் கையை நிறுத்தி, "என்ன அண்ணாச்சி தடவிருக்கிய? வழுக்குது. நம்ம எண்ணெ புடிக்க மாட்டேங்கே" என்றார். பக்கத்துப் பலகையில் கிடந்தவர் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் மச்சானுக்கும் ஏதோ தடிப்பு வந்ததாகச் சொன்னார். அவருக்கு அடுத்தவர் மருந்து சொன்னார்.

இந்தப் பக்கத்தில் உடம்பைப் பேணுவதைச் சம்பந்தப்பட்டவனிடமே விடும் வழக்கம் என்றைக்கும் இருந்ததில்லை. பிறந்ததும் கால்மேல் போட்டுக் குளிப்பாட்ட ஒரு ஆச்சி, கல்யாணத்துக்கு நலங்கு வைக்க நாலு மதினிமார், முதுகுக்கு ஒரு அண்ணாச்சி, அருவிக்கடியில் "உள்ள தள்ளி நில்லும்வே" என்று அதட்ட முன்பின் தெரியாத ஒருவர். எனக்கே எனக்கான நேரம் என்று நான் ஒதுக்கியது ஊருக்கு ஏன் புரியவில்லை என்பது அந்தப் பலகையில் கிடந்தபோது புரிந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் செராமைடு போட்ட கிரீம் டப்பா பாதிக்கு மேல் காலி. ஆச்சி திண்ணையில் கால் நீட்டியிருந்தாள். பல வருடத்துப் பித்தவெடிப்பு, வரப்புபோல் இருந்தது, இப்போது கொஞ்சம் மூடியிருந்தது. எத்தனை நாளாக நடக்கிறதோ தெரியவில்லை. பக்கத்து வீட்டு மதினி குனிந்து தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏலே, இது காலுக்கு நல்லாருக்கு," என்றாள் ஆச்சி. "மூஞ்சிக்கு வேற வாங்கிக்கோ."