டெல்லி – டோக்கியோ: போக எட்டு, வர பத்தா?

டெல்லியிலிருந்து டோக்கியோ போக சுமார் எட்டு மணி நேரம். திரும்பி வரும்போது ஒன்றரை, இரண்டு மணி நேரம் கூடுதல். வழியில் பூமி நீண்டுவிடுகிறதா?

பூமி அதே 5,800 சொச்சம் கிலோமீட்டர்தான். காற்றுதான் கட்சி மாறுவதில்லை! ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று, போகும்போது முதுகைத் தள்ளும். வரும்போது மார்பைத் தள்ளும். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அதன் வேகம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும்.

இதை 1920களிலேயே பலூன் விட்டு அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஓயிஷி. உலகமே படிக்கட்டும் என்று, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் எழுதினார். அதனாலேயே உலகம் படிக்கவில்லை! 1944-இல் டோக்கியோவுக்கு மேலே பறந்த அமெரிக்க பி-29 விமானிகள் அந்தக் காற்றில் திணறினார்கள். ஓயிஷிக்கு உரிய பெருமை இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

டெல்லியில் இரவு 8 மணிக்கு ஏறினால், டோக்கியோவில் இறங்கும்போது காலை ஏழரை. என்னுடைய மூன்றரை மணி நேரத்தை யார் எடுத்துக்கொண்டது?

சூரியன். கடனாகத்தான்! திரும்பி வரும்போது டெல்லியில் ஒரு நிமிடம் குறையாமல் தந்துவிடுவார்.

ஒன்று மட்டும்: ஜெட் காற்றின் விளிம்பில், மேகமே இல்லாத தெளிந்த வானிலும் விமானம் குலுங்கும். இருக்கையில் இருக்கும்வரை சீட் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.